சொர்க்கத்தில் பொரிந்தவை

எங்கள் பள்ளத்தாக்கில் கோடையின் நடுவே சில்லா என்று நாற்பது நாள் வெயில் ஒன்று உண்டு. அந்த நாட்களில் கோழி அவித்த முட்டையாகவே இடும். கழுதை தன் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டே கேளுங்கள், மிச்சப் பாதிக்கே உள்ளங்கால் கொப்பளித்துவிடும்.

அந்த வெயிலிலும் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டாத இடம் ஊருக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் மருந்து ஆலையின் பரிசோதனைக் கூடத்தில், தாழ்வாரத்தின் கடைசியில், வெள்ளைத் தகரச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை. குமிழைத் திருகி வைத்தால் சூடும் ஈரமும் வைத்த இடத்தில் நிற்கும். வெளியே பனி கொட்டினாலும் அதற்குத் தெரியாது, பாலைக்காற்று அடித்தாலும் தெரியாது. மின்சாரம் போனால் டீசல் இயந்திரம் முதலில் உயிர் கொடுப்பது அந்த அறைக்குத்தான். இயக்குநர் இருட்டில் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பார்.

எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் சொர்க்கம். பக்கத்திலேயே இன்னொரு அறை, நாற்பது டிகிரி, உள்ளே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்தை இரண்டிலும் வைத்து, அவ்வப்போது ஒரு புட்டியை எடுத்து, உள்ளே வீரியம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளப்போம். அளப்பவள் நான். பெயர் மௌஜூதா. முப்பது வருஷம் அந்தக் கருவியின் முன்னால் உட்கார்ந்து என் முதுகே கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது.

சொர்க்கத்தின் சாவி இனோபத்திடம் இருந்தது. வேதியியல் படித்தவள், என்னைவிட ஒரு வயது பெரியவள், உயரத்தில் என் தோளுக்கு. ஆனால் அவள் தாழ்வாரத்தில் நடந்து வந்தால் சோதனைக் குழாய்களெல்லாம் நிமிர்ந்து நிற்கும். அவள் உருவாக்கியது ஒரு வெள்ளைப் பொடி. குழந்தைகளுக்கு வருகிற காதுவலிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் கொடுக்கிற ஆன்டிபயாடிக். புட்டிக்குள் பொடியாக இருக்கும், தாய் வீட்டில் ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். அந்த மருந்துக்குள் இரண்டு சரக்கு. அதில் ஒன்று தண்ணீரின் வாசனை பட்டாலே செத்துவிடும் சாதி. காற்றில் உள்ள ஈரம் போதும். முதலில் மஞ்சளாகும், பிறகு தேநீர் நிறம் வரும், கடைசியில் புட்டியில் மிஞ்சுவது சர்க்கரைதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த இதே மருந்துப் புட்டிகள், எங்கள் கிடங்குகளில் ஒரு சில்லாவைக் கழித்ததுமே பழுத்துவிடும். தாய்மார்கள் அந்தப் பழுப்புத் தண்ணீரையும் கரைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்காது. இறங்காவிட்டால் அவர்கள் மருந்தைச் சந்தேகப்பட மாட்டார்கள், தங்கள் கையைத்தான் சந்தேகப்படுவார்கள். இனோபத்தும் ஒரு தடவை தன் மகளுக்கு அப்படிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை இடது காது கேட்காது. அதைப் பற்றி இனோபத் பேசியதே இல்லை. மகளின் வலது பக்கமாகவே நடப்பாள், அவ்வளவுதான்.

அவளுடைய பொடி மற்றவற்றைவிடக் கெட்டி. பக்கத்து அறையின் நாற்பது டிகிரியில் வெளிநாட்டுச் சரக்கு ஒரே மாதத்தில் உயிரை விட்டது, இவளுடையது நாலு மாதம் பல்லைக் கடித்து நின்றது. ஆனால் சட்டம் ஆறு மாதம் கேட்கிறது. அங்கே தேறாதவர்களுக்கு ஒரே வழிதான் பாக்கி: சொர்க்கத்தில், இருபத்தைந்து டிகிரியில், அறுபது சதவீத ஈரத்தில், இரண்டு வருஷம் முழுசாக இருந்து காட்ட வேண்டும். கடைசிப் புட்டியில் வீரியம் தொண்ணூறுக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கினாலும் கதை முடிந்தது.

இறங்கிக்கொண்டேதான் வந்தது. மெதுவாக, கிழவன் மாடிப்படி இறங்குவது மாதிரி. கடைசிக்கு முந்திய அளவில் தொண்ணூற்றிரண்டு. இன்னும் ஒரு படி பாக்கி. தொண்ணூற்றொன்றில் நிற்குமா, எண்பத்தொன்பதில் விழுமா, அல்லாவுக்கும் என் கருவிக்கும்தான் தெரியும்.

இயக்குநர் ஷவ்கத் கரீமோவிச் என் முன்னாலேயே இனோபத்திடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"தேறிடுச்சுன்னா மெஷின் வாங்கறேன், புட்டி அடைக்கறேன், உன் பேரைச் சுவத்துல எழுதறேன். தேறலைன்னா வெளியிலேருந்து மாத்திரை வாங்கி டப்பா மாத்தி வித்துட்டுப் போறேன். என்னை மாதிரி நேர்மையான ஆளு இந்த ஜில்லாவுல உண்டா?"

"இல்லைங்க, ஷவ்கத் கரீமோவிச்," என்றேன். "இருந்தா உங்க பக்கத்துல நிக்கவே பயப்படுவாங்க."

*

இனி புழுக்களுக்கு வருவோம்.

பட்டுப்புழு எங்கள் ஊரில் மழை மாதிரி, பனி மாதிரி. வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வசந்தத்தில் மல்பெரி துளிர்த்ததும் ஜில்லா அலுவலகத்திலிருந்து பங்கு வந்துவிடும்: பள்ளிக்கூடத்துக்கு இத்தனை பெட்டி முட்டை, ஆஸ்பத்திரிக்கு இத்தனை, வங்கிக்கு இத்தனை, மருந்து ஆலைக்கு இத்தனை. ஆலையில் அதை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பார்கள். வாங்கிப் போனவர் வீட்டின் நல்ல அறையைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் வராந்தாவில் படுப்பார். மாமனார் வந்தால்கூட அந்த அறை கிடைக்காது.

முந்திய வருஷம் இனோபத்தின் பங்கு முழுசாகச் செத்துப் போனது. திடீர்க் குளிர், மின்சாரம் வேறு இல்லை, கசகசா மாதிரி இருந்த முட்டைகள் கசகசாவாகவே இருந்துவிட்டன. கூட்டத்தில் ஜில்லா அதிகாரி அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஆன்டிபயாடிக் செய்யறவங்க வீட்டுப் புழுவே சாகுது. அப்போ அந்த மருந்தை எங்க பிள்ளைங்களுக்கு எப்படிங்க கொடுக்கறது?"

மண்டபமே சிரித்தது. இயக்குநர் எல்லாரையும்விட நீளமாகச் சிரித்தார். இனோபத் நின்றாள், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். அழுதது அவளல்ல, கும்ரி. கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். இனோபத்தான் அவளை வேலைக்குச் சேர்த்தவள், அவள் கல்யாணத்துக்கு அரிசி மூட்டை இறக்கியவள். இனோபத் தும்மினால் கும்ரி மூக்கைத் துடைத்துக்கொள்வாள், அப்படிப்பட்ட பாசம்.

அடுத்த வசந்தம் வந்தது. கடைசிப் புட்டிகளை எடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது தலைநகரத்து மருந்துக் குழுவிலிருந்து அழைப்பு: காகிதங்களுடன் நேரில் வரவும். நானும் இனோபத்தும் கிளம்பினோம். அவள் போகும்போது சொர்க்கத்தின் சாவியைக் கும்ரியிடம் கொடுத்தாள். துணை வேதியியலாளர்கள் நாலு பேர் இருந்தார்கள், ஆனால் அவளுக்கு நம்பிக்கை கும்ரியிடம்தான்.

"ஒருத்தரையும் உள்ளே விடாதே. கதவைச் சும்மா தொறக்காதே. நான் வர்ற வரைக்கும் இது உன் வீடு மாதிரி."

வீடு மாதிரி என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தலைநகரத்தில் எங்களை இன்று நாளை என்று இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். தாழ்வார நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து என் பாவாடையில் நாற்காலியின் அச்சு விழுந்துவிட்டது. கடைசியில் ஒரு நிபுணர் எங்களைக் கூப்பிட்டார். வயதானவர், பாதாமி விதையை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் காகிதங்களைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம். ஆனால் எல்லாவற்றையும் படித்திருந்தார்.

"இந்த மூடியில கொஞ்சம் மூச்சு விடுதே?" என்றார்.

"உள்ளூர் மூடி," என்றாள் இனோபத். "வெளிநாட்டு மூடி போட்டா கிராமத்துல யாரும் வாங்க மாட்டாங்க. அறுபது ஈரத்துல இந்த மூடி தாங்குது. அதுக்கு மேலே நம்ம ஊர்க் காத்துல ஈரம் ஏது?"

அவர் ஒரு விதையை வாயில் போட்டார். "சரியான பேச்சு. அக்கா, ரெண்டு வருஷம் பொறுத்தவங்க இன்னும் நாலு நாள் பொறுங்க. கடைசி நம்பரைக் கொண்டாங்க. தொண்ணூறு இருந்தா இதோ இந்தப் பேனாவாலயே போடறேன் கையெழுத்து."

ரயிலில் திரும்பும்போது இனோபத் பாடினாள். இருபது வருஷமாக அவள் பாடி நான் கேட்டதில்லை. குரல் நன்றாகவே இல்லை. எதிரே இருந்த ராணுவக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

*

ஸ்டேஷனிலிருந்து நேராக ஆலைக்கு வந்தோம். குளிர். ஊரில் மறுபடியும் மின்சாரம் இல்லை. கூடத்து வாசலில் மெக்கானிக் துர்குன் நின்றுகொண்டிருந்தான், காது வரைக்கும் சிரிப்பு.

"வாங்க அக்கா, வாங்க! கண்ணை மூடிக்கோங்க!"

"ஏன்டா?"

"மூடிக்கோங்கன்னா மூடிக்கோங்க. ஹஷர் செஞ்சிருக்கோம் உங்களுக்கு!"

ஒருத்தர் வீடு கட்டினால் தெருவே வந்து செங்கல் தூக்கும், ஒருத்தர் வயலில் களை என்றால் ஊரே குனியும். கூலி கிடையாது, ஒரு வேளை பலாவ் சோறு மட்டும். அதுதான் ஹஷர். இனோபத் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். கும்ரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து, மணப்பெண்ணை அழைத்துப் போவது மாதிரி தாழ்வாரத்தில் நடத்திப் போனாள். பின்னால் நாலு வேதியியலாளர்கள், டைப் அடிக்கிறவள், காவல்காரர். சொர்க்கத்தின் கதவு திறந்தது. வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் அடித்தது, துணி துவைக்கிற அறையைத் திறந்த மாதிரி.

"இப்போ தொறங்க!"

உள்ளே தட்டுத் தட்டாகக் காகிதம். காகிதத்தின் மேலே கறுப்பு நூலைப் பொடியாக நறுக்கித் தூவிய மாதிரி புழுக்கள். எத்தனை? ஐம்பதாயிரம் என்பார்கள், நான் பார்த்தது ஐந்து கோடி. ஒவ்வொன்றும் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்த மாதிரி இருந்தது. பிஞ்சு மல்பெரி இலைகளின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. தட்டு வைக்க இடம் வேண்டுமென்று மருந்துப் புட்டிகளின் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, புட்டிகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். எந்த மூலை? ஈர ஆவி வருகிற குழாய்க்கு நேர் கீழே.

"ஒரு முட்டைகூட வீணாகலை, அக்கா!" கும்ரியின் கண்ணில் தண்ணீர். "உங்க பங்கு முட்டைதான். நீங்க ஊருல இல்லை, வீட்டுல கரண்டு இல்லை. இந்த வருஷமும் அந்த ஆளு உங்களை நிக்க வெச்சிடக் கூடாதேன்னுதான்... ஜில்லாவுலயே முதல்ல பொரிஞ்சது நம்மளுதுதான்!"

இனோபத் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்பது," என்றாள்.

"ஆமாக்கா," என்றான் துர்குன் பெருமையாக. "அறுபதுல முட்டை காய்ஞ்சிடும்னு என் மாமியார் சொன்னாங்க. ஆனா சூட்டை நான் தொடவே இல்லை, அக்கா, சத்தியமா! இருபத்தஞ்சேதான். புழுவுக்கும் அதே சூடு, மருந்துக்கும் அதே சூடு. ஆண்டவன் கணக்கைப் பாருங்களேன்!"

"ஈரத்தை?"

"மருந்து புட்டிக்குள்ள இருக்கு, மூடி போட்டிருக்கு. அதுக்கு வெளியில நடக்கறது என்ன தெரியும்?"

நான் அந்த நாலு வேதியியலாளர்களைப் பார்த்தேன். நாலு பேரும் தினமும் வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். முட்டை நீலம் பாரிக்கிறது, இனிப் பொரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு டிப்ளமாவும் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டித்தான் இருந்தன. அவர்கள் வீட்டு அறைகளிலும் புழுக்கள் இருந்தன, மண்டைக்குள்ளும் அவைதான் ஊர்ந்துகொண்டிருந்தன.

இனோபத் ஒரு தட்டைப் பத்திரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

கும்ரி என்னைப் பார்த்தாள். "பிடிக்கலையா, அக்கா?" என்றாள் மெல்ல.

*

புட்டிகளைத் திறந்தோம். பெரும்பாலானவை வெள்ளை. சிலவற்றில் மேல்புறம் மட்டும் வெண்ணெய் நிறம். கருவியில் ஏற்றினேன். எண்பத்தெட்டு. கருவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லி மறுபடி ஏற்றினேன். எண்பத்தெட்டு. மூன்றாவது தடவை நான் அதனிடம் கெஞ்சினேன், அதன் தாயைப் பழித்தேன், தட்டினேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு எண்பத்தெட்டு என்றது.

இனோபத் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"புழுவாலயா, பொடியாலயா?"

"கருவிக்கு அது தெரியாதுடி."

"நீ என்ன நினைக்கறே?"

"நான் நினைக்கறதுக்கு மதிப்பு இருந்தா என்னை மந்திரியாக்கியிருப்பாங்க."

"விளையாடாதே, மௌஜூதா. சொல்லு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், என் வாழ்க்கையில் அது ஒரே தடவைதான் நடந்தது. தானாகவே எண்பத்தொன்பதுக்கு இறங்கியிருக்கலாம். தொண்ணூற்றொன்றில் அழகாக நின்றும் இருக்கலாம். அந்த ஈரம் எத்தனை படி இழுத்துவிட்டது என்று சொல்ல எந்தக் கருவியும் உலகத்தில் இல்லை.

"கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சாலும் பரவாயில்லை," என்றாள். "என் பொடி சரியில்லைன்னு தெரிஞ்சாலும் தாங்கிப்பேன். இப்போ அதுவும் தெரியலை."

இயக்குநரின் அறைக்குப் போனோம். துர்குனும் கூடவே வந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. ஷவ்கத் கரீமோவிச் எல்லாவற்றையும் கேட்டார், தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார், பிறகு கேட்டார்.

"எத்தனை குறையுது?"

"ரெண்டு."

"ரெண்டா! பஜார்ல ரெண்டு கிராமுக்கு எவனாவது சண்டை போடுவானா? தொண்ணூறுன்னு எழுதிட்டுப் போங்க."

"ஈரம் ஏறினது அறையில ஓடற பதிவுப் பேப்பர்ல மலை மாதிரி விழுந்திருக்கே," என்றேன்.

"போன வருஷப் பேப்பர் ஒண்ணு இருக்கு, ஐயா," என்றான் துர்குன். "மாத்திடலாம். நானே மாத்தறேன். அக்காவுக்காக நான் ஜெயிலுக்குக்கூடப் போவேன்."

"நீ பேசாதே," என்றாள் இனோபத், கோபமில்லாமல். இயக்குநர் பக்கம் திரும்பினாள். "பொடி நிஜமாவே தாங்காததா இருந்தா?"

"தாங்கும் தாங்கும்னு ரெண்டு வருஷமா என் காதைத் தின்னது நீதானே?"

"ஆமா. அப்போ தெரிஞ்சுது. இப்போ தெரியலை. தெரியாம எழுதினா, நாளைக்கு ஒருத்தி பழுப்புத் தண்ணியைக் கரைச்சுக் கொடுப்பா. அதுல என் பேரு இருக்கும்." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "முதல்லேருந்து ஆரம்பிக்க விடுங்க. இன்னொரு ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா! அதுவரைக்கும் இந்த நாற்காலியில நான் இருப்பனா? நாற்காலியாவது இருக்குமா? மாத்திரைக்காரன் அடுத்த மாசம் கையெழுத்துக்கு வரான், இனோபத் அக்கா."

"கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இயக்குநரும் பார்த்ததில்லை போல, சங்கடமாக ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்போது பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. ஜில்லா அலுவலகம். அவர் முகம் பாதாமி மரம் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

"ஆமாங்க! பொரிஞ்சாச்சு! எத்தனையா? நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! ஆமாங்க, எங்க இனோபத் அக்கா பங்குதான்! விஞ்ஞான முறைங்க, விஞ்ஞான முறை!"

தொண்ணூற்றெட்டு. இனோபத் எழுந்து வெளியே போனாள்.

*

புழுக்களைத் தூக்கி வெளியே வீச முடியாது. அவை அரசாங்கச் சொத்து. செத்தால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். சொர்க்கத்திலிருந்து மாற்றினால் குளிரில் விறைத்துவிடும். ஆகவே இனோபத்தே அவற்றுக்குத் தீனி போட்டாள். வெள்ளை அங்கி, கையுறை, முகத்திரை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஆன்டிபயாடிக் நிறுக்கிற அதே கவனத்தோடு இலை போட்டாள்.

கும்ரி மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாவது நாள் வந்து சொர்க்கத்தின் வாசலில் நின்றாள், கண் இரண்டும் அடுப்பில் உப்பிய சம்சா ரொட்டி மாதிரி.

"என்னை அடிச்சுடுங்க, அக்கா."

இனோபத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "உள்ளே வா, கதவைச் சாத்து, ஈரம் போகுது. இலையைப் பொடியா நறுக்கு. அதுங்க வாய் சின்னது."

கும்ரி விம்மிக்கொண்டே நறுக்கினாள். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிரிப்பதற்கு எவ்வளவோ இருந்தது அங்கே. நான் சிரிக்கத்தான் போனேன்.

புழுக்கள் வளர்ந்தன. எப்படி வளர்ந்தன! ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன். அவை தின்கிற சத்தம் தகரக் கூரையில் மழை பெய்வது மாதிரி தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். எங்கள் ஆலைச் சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்த மல்பெரி மரங்கள் எல்லாம் மொட்டையடித்துக்கொண்ட ராணுவச் சிப்பாய்கள் மாதிரி நின்றன. கூடு கட்டின. அத்தனை கூடும் வெள்ளை. ஒரு கறை இல்லை, ஒரு மஞ்சள் இல்லை. நான் ஒன்றை எடுத்து இனோபத்தின் புட்டிப் பொடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சட்டென்று இரண்டையும் மறைத்துவிட்டேன், அவள் வந்துகொண்டிருந்தாள்.

ஜில்லாக் கூட்டம். அதே மண்டபம், அதே அதிகாரி. முதல் பரிசு எங்கள் ஆலைக்கு.

"போன வருஷம் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்," என்றார் அதிகாரி ஒலிபெருக்கியில். "இன்னிக்கு எல்லார் முன்னாலயும் அதைத் திருப்பி வாங்கிக்கறேன். இனோபத் அக்கா, மேல வாங்க!"

மேடையில் ஏற்றி, வரிப்பட்டு மேலங்கி ஒன்றை அவள் தோளில் போர்த்தினார்கள். அது யாரோ ஒரு மல்யுத்த வீரனுக்குத் தைத்தது. கை இரண்டும் முழங்காலைத் தாண்டித் தொங்கின, அடி தரையில் புரண்டது, உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக நெற்றியும் மூக்கும் மட்டும் தெரிந்தன. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

"இன்னொரு சந்தோஷச் செய்தி," என்றார் அதிகாரி. "இவ்வளவு நல்ல அறை ஒரு ஆலைக்குள்ள சும்மா கிடக்கலாமா? அடுத்த வருஷத்திலிருந்து ஜில்லா முழுசுக்கும் முட்டை அங்கேதான் பொரியும். அதுக்குப் பொறுப்பு நம்ம இனோபத் அக்காதான்!"

ஷவ்கத் கரீமோவிச் எல்லாரையும்விட நீளமாகக் கைதட்டினார். மாத்திரைக்காரனிடம் அவர் முந்திய வாரமே கையெழுத்துப் போட்டிருந்தார்.

மேலங்கிக்குள்ளிருந்து இனோபத் சொன்னாள்: "நன்றி." ஒலிபெருக்கிக்கு அது எட்டவில்லை. மேடைக்குக் கீழே முன்வரிசையில் இருந்த எனக்கு எட்டியது.

*

அந்த வருஷக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது ஒரு புட்டி கிடைத்தது. கடைசிக்கு முந்திய தடவை அளந்தபோது மிஞ்சியது, புழுக்கள் வருவதற்கு முன்னால் சொர்க்கத்தை விட்டு வெளியே வந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேயே அது ஒரு சில்லாவைக் கழித்தது. என் அடுப்பு வேறு பக்கத்தில், சில்லாவுக்கு மேல் ஒரு சில்லா.

அதற்கடுத்த வசந்தத்தில் ஒரு நாள் மத்தியானம் இனோபத் தேநீர் குடிக்க வந்தாள். அந்த மேலங்கியைத்தான் போட்டிருந்தாள், கைகளைச் சுருட்டி விட்டுக்கொண்டு.

"சொர்க்கத்துல இருந்து வெளியே வந்தா குளிருது," என்றாள். "இது நல்லா கதகதப்பா இருக்கு. வேற எதுக்கும் ஆகலை."

"எண்பதுதான் வெச்சிருக்கியா?"

"எண்பதுதான். புழுவுக்கு எண்பதுதான் வேணும்."

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரிந்தவளா நான்! எழுந்து போய்ப் புட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள்.

"எங்கே இருந்துது?"

"சமையலறையில. சில்லா முழுக்க."

மூடியைத் திருகித் திறந்தாள். வெளிச்சத்தின் பக்கம் சாய்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை. கட்டி தட்டாமல் மாவு மாதிரி உதிர்ந்தது.

"வெள்ளையாடி?" என்றாள். அவள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

"வெள்ளை."

"எவ்வளவு வெள்ளை?"

"கண்ணுக்கு வெள்ளை. அதுக்கு மேலே என்கிட்ட என்ன இருக்கு? கருவியைத்தான் நம்ம இயக்குநர் வித்துட்டானே."

"ஒரு புட்டி சாட்சி இல்லை," என்றாள். யாரோ வாதாடுகிற மாதிரி, அவளே பதில் சொல்கிற மாதிரி. "சமையலறையில என்ன சூடு, என்ன ஈரம், யாரு அளந்தா? ஒண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுதான்."

கெண்டியிலிருந்து ஆறிய தண்ணீரைப் புட்டிக்குள் ஊற்றினாள். மூடி, குலுக்கினாள். தாய்மார்கள் குலுக்குவது மாதிரியே, காதுக்குப் பக்கத்தில் வைத்து. பால் மாதிரி ஆனது, ஸ்ட்ராபெரி வாசனை வந்தது. தேநீர்க் கிண்ணங்கள் இரண்டில் பாதிப் பாதி ஊற்றினாள். ஒன்றை என் பக்கம் தள்ளினாள். குடித்தோம். மருத்துவர்கள் என்ன சொல்வார்களோ, அடுத்த ஏழு வருஷத்துக்கு எனக்குத் தொண்டைப் புண்ணே வரவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இனிப்பா இருக்கு," என்றேன், வேறு எதுவும் தோன்றாமல்.

"சர்க்கரை எப்பவும் சாகாதுடி," என்றாள்.

வெளியே லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னால் மலையாக மல்பெரிக் கிளைகள். "அக்கா, இலை வாடுது!" என்று டிரைவர் கத்தினான்.

"கும்ரி தனியா இருப்பா," என்று சொல்லி எழுந்தாள். வாயை மேலங்கிக் கையால் துடைத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். மேசையில் கிடந்த காலிப் புட்டியை எடுத்து, மூடியை வைத்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கினாள். ஈரம் புகுந்துவிடாதபடி. பிறகுதான் போனாள்.